ஏவாத ஏவுகணை

செப்டம்பர் 18, 1990. மொஹாவி பாலைவனம்

இன்றும் காற்று, பறக்கவில்லை. ஹேங்கர் கொட்டகையில் மணலைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். ராடார் சோதனை முடிவு மட்டும் வந்தது. எங்கள் போர் விமானம் திரையில் ஒரு வெட்டுக்கிளி அளவுக்குக்கூடத் தெரியவில்லை. அதன் வால் நான் வரைந்தது. சந்தோஷப்பட வேண்டும். ஆனால் போட்டிக் கம்பெனியின் விமானம் நேற்று மூக்கைச் செங்குத்தாகத் தூக்கி வித்தை காட்டியதாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப்போகும் விமானப்படை அதிகாரிகள் வாயில் அதே பேச்சு.

அக்டோபர் 9

எங்கள் விமானி வெண்டெல் இறங்கியதும் நேராக என்னிடம் வந்தார். "விமானம் இன்னும் வேகமாப் போகத் தயாரா இருக்கு, லோர்னா. இவங்கதான் இழுத்துப் பிடிக்கிறாங்க."

தலைமைப் பொறியாளர் கஸ்ஸிடம் மறுபடி மன்றாடினேன். ஒரே ஒரு ஏவுகணையாவது ஏவிக் காட்டுவோம் என்றேன்.

"போட்டி விதியில அதைக் கேக்கவே இல்லையே. கேக்காததைச் செஞ்சு எதையாவது உடைச்சா, நீ பதில் சொல்லுவியா?"

விதி, விதி! தீர்ப்புச் சொல்றவன் மனுஷன்தானே? அவனுக்குக் கண் இல்லையா?

நவம்பர் 22

அக்கா வீட்டில் நன்றி நாள் விருந்து. அக்கா கணவர் கர்ட்டிஸ் வேலை பார்ப்பது எதிரணியில். அவர்கள் ஏவுகணையை ஏவிக் காட்டிவிட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். வான்கோழியை என் தட்டில் வைத்துக்கொண்டே, "உங்களுதுதான் அழகு லோர்னா" என்றார். அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 20

பறக்கும் சோதனைகள் முடிந்தன. எங்கள் ஏவுகணை விமானத்தின் வயிற்றிலேயே கிடக்கிறது.

மே 2, 1991

தோற்றோம்.

எங்களுடையதுதான் வேகம், எங்களுடையதுதான் ராடார் கண்ணில் படாதது என்று விமானப்படைக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்களாம். அப்புறம் என்னய்யா? கஸ்ஸைத் திட்டத்தான் போனேன். முகத்தை இரண்டு கையாலும் மூடி உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 14

பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னையும். சாயங்காலம் கர்ட்டிஸ் ஃபோன் செய்தார். "எங்க விமானத்தோட வால் அதிருது. நீ வந்து பாரேன்."

நாக்கூசாமல் கேட்கிறார். ஃபோனை வைத்துவிட்டேன்.

ஜூன் 15

தூக்கம் இல்லை. ஏன் அதிர்கிறது?

ஆகஸ்ட் 19. ஜார்ஜியா மாநிலம்

எதிரணியில் முதல் நாள். இனி அப்படி எழுதக் கூடாது. வாலின் வரைபடத்தை மேசையில் விரித்தார்கள். கோளாறு எங்கே என்று பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்வானேன். ஆனால் இந்த விமானத்துக்குள் உட்காரப் போகிற விமானிக்கும் எங்கள் போட்டிக்கும் என்ன சம்பந்தம்?

பக்கத்தில் இருந்தவரிடம் பென்சில் கேட்டு வாங்கினேன்.