பரிவட்டமும் மாத்திரையும்

12-7-1961
சாரல் இறங்கிவிட்டது. மூத்த பேரன் சிவசைலம் அணைக்கட்டில் இஞ்சினீயர். முத்துவடிவு எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கே முதல். கைலாசம் மெட்ராசில் டாக்டருக்குப் படிக்கிறான். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகள்!

என் வீட்டுக்காரருக்குத்தான் மூத்திரம் அடைத்து, இடுப்பெலும்பில் வலி. மூத்திரப்பைக்குக் கீழே புற்று என்றார் திருநெல்வேலி டாக்டர். "ஆம்பளை உடம்புல ஊறுத சுரப்புதான் ஆச்சி அதுக்குத் தீனி. இந்த மாத்திரை அதை அடக்கும், கட்டி சுருங்கும். குணமாயிரும்னு சொல்லமாட்டேன்."

30-9-1961
வலி இல்லை. கோயில் வரை நடந்தார்.

9-11-1961
சவரத்துக்கு வந்த சங்கிலிப்பாண்டி, "என்ன பெரியய்யா, கன்னம் சமைஞ்ச பிள்ளை கன்னமாட்டம் ஆயிட்டே. கத்திக்கு வேலையில்லை" என்றான். இவரும் சிரித்தார். அப்புறம் அவனைக் கூப்பிடவே இல்லை.

மார்பு இரண்டும் வீங்கி, துணி உரசினாலே நோகிறது. வீட்டுக்குள்ளும் சட்டை. குற்றாலத்துக்குக் கூப்பிட்டால் முறைக்கிறார். தீபாவளிக்கு வந்த கைலாசத்திடம் கேட்டேன். பொம்பளைக்கு ஊறும் சத்துதானாம் மாத்திரையில். "மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம் ஆச்சி." இதை இவரிடம் எந்த வாயால் சொல்ல?

7-1-1962
வெற்றிலைப் படிக்கத்தைக் கழுவினால் உள்ளே மாத்திரை. எச்சிலில் சிவந்து, பாதி கரைந்து. எத்தனை நாளாகத் துப்புகிறார்?

"மாசித் தேருக்குப் பரிவட்டம் கட்ட வெறும் மேலோட நிக்கணும்லா. இந்த மாரோடயா நிக்கச் சொல்லுத? தேர் முடியட்டும்ட்டி, முழுங்குதேன்."

அவர் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் கட்டிய பரிவட்டம். நான் கெஞ்சினேன், அழுதேன். அசையவில்லை.

17-2-1962
மார்பு வற்றவில்லை. வலி மட்டும் திரும்பி வந்துவிட்டது. தேரடியில் பட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டு, கம்பை ஊன்றி நின்றார். "துண்டை இடுப்புல கட்டிக்கோங்கோ" என்றார் பட்டர். இவர் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். பிறகு திரும்பி நடந்தார். பரிவட்டம் இவர் தம்பி மகன் சங்கரபாண்டி தலைக்குப் போயிற்று.

தேரைப் பார்த்துக் கேட்டேன்: ஆம்பளையா இருந்தா சாவணும். உசுரோட இருக்கணும்னா ஆம்பளையா இருக்கப்படாது. இது என்ன நியாயம் சாமி?

2-4-1962
மறுபடி விழுங்குகிறார், நான் கேட்காமலே. கால் இரண்டும் அசையவில்லை. "முதுகெலும்புல ஏறிட்டு ஆச்சி. இனி மாத்திரை எட்டாது" என்கிறார் டாக்டர்.

28-5-1962
இவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

9-9-1962
சிவசைலத்துக்கு ஒரு கார்டு எழுதினேன்: "தாத்தா படத்துக்கு மாலை மாற்றுவதைத் தவிர எனக்கு இங்கே வேலை இல்லை. உன் பிள்ளைக்குப் பல் முளைத்திருக்குமே. அவனை மடியில் வைத்துப் புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு."