உம் கடிகாரத்தில் துடித்தது என் நெஞ்சு

இன்று காலை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என் மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை மாட்டிவிட்டாள். கண்புரை எடுப்பதற்கு முன்னால் நெஞ்சைப் பார்க்க வேண்டுமாம். பட்டையில் என் பெயர், வயது, பக்கத்தில் கறுப்புக் கோடுகள். அந்தக் கோடுகளை மெஷினிடம் காட்டினால் என் கதை முழுக்கத் திரையில் வந்துவிடும் என்றாள். நான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். "என்ன தாத்தா, நம்ப மாட்டீங்களா?" என்று சிரித்தாள். "பேரு என் பேருதான். கை யாரு கைன்னு உங்க மெஷினுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உமக்குப் புரிந்திருக்கும்.

உம் மகன் சங்கர் கனடாவிலிருந்து அந்தக் கைக்கடிகாரத்தை அனுப்பியபோது நீர் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தீர். மணி காட்டுவது அதற்குச் சில்லறை வேலை. நாடித் துடிப்பு, நடந்த தூரம், தூங்கிய நேரம் எல்லாவற்றையும் எண்ணி அங்கே அவன் போனுக்கு அனுப்பிவிடும். எனக்கு முதல் நாளே அதன்மேல் சந்தேகம். "அவனுக்கு அனுப்புது, சரி. வேற யாருக்கெல்லாம் அனுப்புது?" என்று கேட்டேன். "போஸ்ட்மாஸ்டர் புத்திய விட மாட்டீரே வே" என்றீர். முப்பது வருஷம் தபாலாபீசில் உட்கார்ந்தவனுக்கு வேறு என்ன புத்தி இருக்கும்? பதிவுத் தபாலை உரியவர் கையில் அல்லாமல் வேறு யாரிடமும் கொடுக்க விடாதவன் நான்.

கோளாறு ஆற்றில்தான் ஆரம்பித்தது. காலையில் இருவரும் படித்துறைக்கு நடப்போம். நீர் குளிப்பீர், சளித் தொல்லைக்குப் பயந்து நான் கரையில் நிற்பேன். தண்ணீரில் நனைந்தாலும் கடிகாரம் கெடாது என்று சங்கர் படித்துப் படித்துச் சொன்னான். நீர் நம்பவில்லை. கழற்றித் துண்டில் சுருட்டி வைத்தீர். இரண்டே நாளில் அவன் போன் வந்துவிட்டது: "அப்பா, காலைல ஒரு மணி நேரம் காணாமப் போயிடுறீங்களே?" மறுநாள் அதை என் கையில் கட்டிவிட்டீர். "நான் முங்கி எந்திரிக்க வரைக்கும் இத மாட்டிக்கிட்டு கரையில நடமாடும் வே." அன்று சாயங்காலம் அப்பாவின் சுறுசுறுப்பை மகன் பாராட்டினான். இருமல் வரும்வரை சிரித்தோம்.

ஆடி பிறந்தபோது சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஆற்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் நீர் இரண்டு இடத்தில் உட்கார ஆரம்பித்தீர். பிறகு வாசலிலேயே கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்தீர். நான் ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பி வரும்வரை வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருப்பீர். வீட்டில் உட்கார்ந்திருக்கையில் உம் நெஞ்சு, நடக்கையில் என் நெஞ்சு. இரண்டையும் ஒட்டி ஒரே மனிதராக்கி அது கனடாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. என் ஆபீசில் இப்படி ஓர் ஆள்மாறாட்டம் நடந்திருந்தால் அன்றைக்கே விசாரணை வைத்திருப்பேன்.

சங்கரிடம் சொல்லிவிடலாம் என்றேன். உமக்குக் கோபம் வந்தது.

"சொன்னா மறுவாரமே வந்து நிப்பான் வே. கையோட கூட்டிட்டுப் போயி அங்கன பனிக்குள்ள பூட்டி வைப்பான். ஆறு இல்லாத ஊர்ல எனக்கு என்ன சோலி? சொல்லிறாதீரும்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நீர் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்கிற ஆசை எனக்கும் இருந்தது. அதை அன்றைக்கு உம்மிடம் சொல்லவில்லை.

சங்கர் வற்புறுத்தியதால் டாக்டரிடம் போனோம். அவன் அனுப்பிய கடிகாரக் கணக்கு எங்களுக்கு முன்பே அவருடைய திரையில் வந்து உட்கார்ந்திருந்தது. அவர்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் கேட்கத்தான் செய்தார்: "நடக்கும்போது மூச்சு வாங்குதா?" நீர் என்னைப் பார்த்தீர். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். "இல்ல டாக்டர்" என்றீர். அவர் மறுபடி திரைக்குத் திரும்பினார். "தினமும் இவ்வளவு நடக்கீங்க, துடிப்பும் சீரா இருக்கு. ஓடவிட்டுப் பாக்குற டெஸ்ட் இப்ப வேண்டாம்" என்றார். பஸ்ஸில் என் தொடையைத் தட்டி, "உம்ம நெஞ்சுக்கு நல்ல மார்க்கு வே!" என்றீர். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

அடுத்த மாதம் ஒரு காலை, காப்பி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சரிந்துவிட்டீர். வந்து பார்த்த பக்கத்துத் தெரு டாக்டர், வயசுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சங்கர் போனை என்னிடம் நீட்டினான். "கடைசி நாள் வரைக்கும் பாருங்க மாமா. எங்கயாவது குறை தெரியுதா? நெஞ்சு இவ்வளவு நல்லா இருந்த மனுசன் எப்படிப் போவாரு?" உம் பெயருக்குக் கீழே என் நடை ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு மாத்திரைமேல் சந்தேகம், ஆஸ்பத்திரிமேல் சந்தேகம், சமையல்காரம்மாள்மேல்கூடச் சந்தேகம். என்மேல் மட்டும் இல்லை. உமக்குக் கொடுத்த வாக்கு என் வாயைக் கட்டிப்போட்டது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாக்காவது ஒன்றாவது, பயம்தான்.

போன வாரம் அவன் பேசினான். "மாடி ஏறினா லேசா மூச்சு முட்டுது மாமா. குடும்பத்துல யாருக்கும் நெஞ்சு வியாதி உண்டான்னு இங்க டாக்டர் கேட்டாரு. இல்லவே இல்லன்னு அப்பா ரெக்கார்டைக் காட்டினேன். அப்ப பெருசா பயப்பட வேண்டாம்னுட்டாரு."

உம் டாக்டரை ஏமாற்றிய கணக்கு இப்போது உம் பிள்ளையை ஏமாற்றுகிறது. கடிகாரம் பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்பாரும் இல்லாமல் சொல்வாரும் இல்லாமல் ஒரு பொய் கடல் தாண்டிப் போய் இன்னொரு டாக்டரையும் நம்பவைக்க அது வழி செய்து கொடுத்தது. அந்த வழியை அதற்குக் காட்டியவன் நான்.

இன்று என் மார்பில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். "நெஞ்சு நல்லா இருக்கு தாத்தா" என்றாள் அந்த நர்ஸ். வெளியே வந்து, மருந்துக் கடை வரிசைக்குப் பக்கத்தில் நின்றபடியே சங்கரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அது அப்பா இல்லையா மாமா? தினமும் எடுத்துப் பாத்துக்கிட்டிருந்தேனே."

"உக்காந்திருக்கது உங்க அப்பா. நடக்கது நான்."

"மூச்சு முட்டும்போது அப்பா என்ன செய்வாங்க?"

இடது தோளிலிருந்து முழங்கை வரை தூசி தட்டுகிறாற்போல் தடவிவிடுவீர், தாடையை அழுத்திப் பிடிப்பீர், வாயு என்பீர். அப்படியே சொன்னேன்.

"எனக்கும் அங்கனதான் மாமா இழுக்குது" என்றான். கனடாவுக்குப் போன பிறகு அவன் வாயில் 'அங்கன' என்கிற நம் ஊர்ப் பேச்சு வந்து நான் கேட்டதில்லை.

"நாளைக்கே போ. மெஷின் பாக்கதுக்கு முன்ன நீ வாயத் திறந்து சொல்லுலே. ஒண்ணையும் மறைக்காத" என்றேன். பட்டென்று போனை வைத்துவிட்டான். அவன் கோபம் நியாயமானது.

உமக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். அதற்காக உம்மிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நாளைக் காலையும் நான் பாலம் வரை நடப்பேன். மூச்சு வாங்காது, எங்கும் இழுக்காது. இந்த நெஞ்சை உம்முடையது என்று நம்பித்தான் அந்த டாக்டர் உம்மை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அதைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டு நடக்கிறேன்.