கடையம் ரோட்டில் வைக்கோல்

டேராடூன்
12-5-1988

அப்பாவுக்கு, கோமதிநாயகம் வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே எனக்குத் தென்காசியையே ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் எடுத்த படத்தின்மேல் கட்டங்கள் போட்டு, தார் ரோடும் சிமெண்ட் தளமும் எத்தனை கட்டங்களில் விழுகின்றன என்று எண்ண வேண்டும். கட்டத்தைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி மறுபடி எண்ணினால், ஊர் எப்படிக் கிளைவிட்டுப் பரவுகிறது என்பது ஒரே எண்ணில் வந்துவிடும்.

மாசி மாதப் படத்தில் எனக்கு விடை தப்பாக வந்தது. கடையம் ரோடு துண்டு துண்டாகக் கிடந்தது. புரொபசர் கோபித்துக்கொண்டார். "அது வைக்கோல், சார். பிசான நெல் அறுப்பு முடிந்ததும் எங்கள் ஊரில் கதிரை ரோட்டில் பரப்பிவிடுவோம். பஸ்களே மிதித்துக் கொடுத்துவிடும்" என்றேன். வகுப்பே சிரித்தது.

பிறகு நம் வயலைத் தேடினேன். தை, மாசி, பங்குனி மூன்று படங்களிலும், பாலத்தை அடுத்து நம் வயல் ஓரம் மட்டும் ரோடு வைக்கோலே விழாமல், அறுபடாமல் கறுப்பாகவே ஓடுகிறது. "அறுப்பு நல்லபடியா முடிஞ்சிட்டு, நீ படிப்பப் பாருலே" என்று நீங்கள் எழுதிய கார்டு மேஜைமேல்தான் இருக்கிறது.

சப்பாத்தி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மிலிட்டரியில் இருக்கும் பிச்சுமணி அண்ணாச்சி லீவு முடிந்து இந்தப் பக்கம் திரும்பும்போது, இந்த வருஷத்து நம் வயல் அரிசி ஒரு படி கொடுத்தனுப்புங்கள். கடையில் வாங்கி அனுப்ப வேண்டாம். அரிசி இல்லையென்றால், இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

கோமதிநாயகம்