ஒன்பது விநாடி மலை

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நான் நலம். நீயும் மகளும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்க நினைத்து ஆறு நாளாகிறது. ஆறு நாளாக நீ பாலத்துக்கு வரவில்லை. நான் வழக்கம்போல ஐந்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்து, விளையாட்டுக்குள் போய், பாலத்தின் மேற்குத் தூணருகே அரை மணி நேரம் நின்றுவிட்டு வருகிறேன். நேற்று ஒரு குள்ள வீரன் என்னை மூன்று சுற்றுச் சுற்றி, நான் ஆளா சிலையா என்று கேட்டான். எழுத்துகளைத் தேடி ஆள்தான் என்று பதில் போடுவதற்குள் போய்விட்டான்.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். என் காது உனக்குத் தெரியாததா? நான் பேசுவது உனக்குக் கேட்கும். நீ திட்டுகிறாயா அழுகிறாயா என்பது எனக்குக் கேட்காது. அதற்காகத்தானே மகள் மலிவாக இரண்டு குட்டி லேப்டாப் வாங்கி, கல்லூரிக் காலத்தில் தான் ஆடிய இந்தப் பழைய விளையாட்டை இரண்டிலும் ஏற்றி, ஒன்றை எனக்கு விட்டுவிட்டு, இன்னொன்றோடு உன்னை வெளிநாட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். “சும்மா மெசேஜ் அனுப்பச் சொன்னா, ‘சாப்பிட்டியா, சாப்பிட்டேன்’னு ரெண்டு வரியில முடிச்சிருவீங்கப்பா. கூட நடந்தாத்தான் பேச்சு வரும்” என்றாள். அவள் சொன்னது சரிதான். முப்பத்தெட்டு வருடத்தில் நாம் பேசாததை எல்லாம் இந்த நாலு மாதத்தில் பேசிவிட்டோம்.

இப்போது நீ கடைசியாகப் பாலத்துக்கு வந்த நாளுக்கு வருகிறேன். மகள் வீட்டு மாடி அறையை வாடகைக்குக் கேட்கிறார்கள், நீங்கள் வருவதாக இருந்தால் மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்று நீ எழுதினாய். இந்த வயதில் அங்கே வந்து பார்க்க என்ன இருக்கிறது என்று நான் எழுதினேன். நீ என்னைத் தாண்டி நாலு அடி நடந்தாய். பிறகு, “அதோ மலை உச்சியில என்ன எரியுது, சொல்லுங்க பாப்போம்” என்றாய். சூரியன் மறைகிறது, அழகாக இருக்கிறது என்றேன். “சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்குதுங்க. அங்க எரியறது ஒரு கோபுரம். நாலு மாசமா எனக்குச் சும்மா தலையாட்டிட்டு இருந்தீங்களா?” என்றாய். நான் பதில் யோசித்து முடிப்பதற்குள் உன் உருவம் மறைந்துவிட்டது.

ஆமாம், தலையாட்டினேன். நீ காட்டிய மலையையோ அருவியையோ ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. முதல் நாளிலிருந்தே நாற்பது அடிக்கு அப்பால் எல்லாம் சாம்பல் நிற மூட்டம். கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் ஆபரேஷன் என்று அங்கே வரவழைத்துவிடுவீர்கள், பிறகு திரும்ப விடமாட்டீர்கள் என்று பயந்தேன். அதனால் அடிகளை எண்ணி நடந்தேன். பாலத்திலிருந்து மாவு மில்லுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி, பிறகு இடது கைப் பக்கம் ஒரு கற்சுவரை ஒட்டியே தொண்ணூறு. எல்லாம் நோட்டில் இருக்கிறது. “எப்படிங்க வழி தப்பாம கூட்டிட்டுப் போறீங்க?” என்று நீ மெச்சியபோது உள்ளூரக் கூசியது. வாயைத் திறக்கவில்லை.

நீ வராத மூன்றாம் நாள் துணிந்து கண் டாக்டரிடம் போனேன். எல்லா எழுத்தையும் வாசிக்கவைத்துவிட்டு, “வயசுக்கு உங்க கண்ணு பிரமாதம்” என்றார். புரை இல்லையா என்று கேட்டேன். “ஏன் சார், இருந்தாத்தான் திருப்தியா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் இல்லை என்றால் மூட்டம் எங்கே இருக்கிறது?

மறுநாள் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் உள்ளே ஏதோ பட்டியலைத் திறந்து பார்த்தார். இந்தச் சின்ன மெஷின் திணறக் கூடாது என்று மகள்தான் நிழல், புல், பார்வைத் தூரம் எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருக்கிறாள். உன்னுடையதில் மாப்பிள்ளை மெமரி கூட்டிக் கொடுத்ததாக நீ முன்பே எழுதியிருந்தாய். அதனால் உனக்குத் தெரிகிறது. ஒரே ஒரு முறை முழுதாக ஏற்றிக் காட்டுங்கள் என்று கேட்டேன். “குருவி தலையில பனங்காய வைக்கச் சொல்றீங்களே சார்” என்று சொல்லிக்கொண்டே ஏற்றினார்.

லேப்டாப்புக்குள் விசிறி இரைந்தது. படம் உறைந்து நின்றது. பிறகு மூட்டம் விலகியது.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. திரை முழுக்க மலை. அண்ணாந்து பார்த்தேன், திரைக்கு மேலே சுவர்தான் இருந்தது, ஆனாலும் அண்ணாந்தேன். பனி, அதற்குக் கீழே காடு, காட்டைக் கிழித்துக்கொண்டு அருவி, உச்சியில் நீ சொன்ன நெருப்பு. நான் தினமும் உரசி நடந்த கற்சுவர் சுவரே இல்லை. அது அந்த மலையின் அடிவாரம். நாலு மாதம் அதன் காலடியில் தொண்ணூறு அடி எண்ணிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஒன்பது வரை எண்ணினேன். திரை கறுத்துவிட்டது. “என்ன சார், எந்திரிச்சு நிக்கறீங்க?” என்று கடைக்காரர் கேட்டபிறகுதான் நான் நிற்பதே எனக்குத் தெரிந்தது.

சர்வே ஆபீஸில் முப்பத்தொரு வருடம் வரைபடம் போட்டவன் நான். மற்றவர்கள் அளந்து தந்த எண்களை வைத்து எத்தனையோ மலைகளுக்குக் கோடு போட்டிருக்கிறேன். ஒன்றையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதில்லை. அளவு சரியாக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். உன் விஷயத்திலும் அப்படித்தான் இருந்துவிட்டேனோ என்று இந்த இரண்டு நாளாக யோசிக்கிறேன். என் யோசனை தப்பாகவும் இருக்கலாம்.

எனக்கு விமானம் பயம். அந்த ஊர்ப் பேச்சும் பயம். இருந்தாலும் பாஸ்போர்ட்டுக்கு இன்று காலை விண்ணப்பித்துவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர எட்டு நாள் ஆகும். மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. மாடி அறையை அதற்குள் கொடுத்துவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை, கூடத்தில் ஒரு ஓரம் போதும். வரச் சொல்லி நீ ஒரு தடவை கேட்டாய். இன்னொரு தடவை கேட்பாயா?

பேத்திக்கு என் ஆசிகள். அவள் நீண்ட ஆயுளோடு, நிறையப் பார்த்து வாழட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்