உன் கடைசிப் படத்தில் இருக்கும் கை

என் ஆசை மச்சான் ராஜனுக்கு,

இன்றைக்கு எழுதுகிறேன், நாளைக்கு எழுதுகிறேன் என்று பதினொரு மாசம் இழுத்துவிட்டேன். நீ உயிரோடு இருந்தபோது ஒரு துண்டுக் கடிதம்கூட உனக்கு எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? பள்ளிக்கூட வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்தாய், பிறகு என் தங்கச்சி சாந்தியைக் கட்டினாய், பிறகு கண்டியில் நம் போட்டோக் கடையில் எனக்கு எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாய். வாயை மூட நேரம் இருந்ததா நமக்கு?

முதலில் வீட்டுச் சேதி. கடை ஓடுகிறது. கல்யாணக்காரர்கள் இப்போது ட்ரோன் இல்லையா, ட்ரோன் இல்லையா என்று என் உயிரை எடுக்கிறார்கள். உன் மகள் சைக்கிள் பழகுகிறேன் என்று இரண்டு முழங்காலையும் தேய்த்துக்கொண்டு திரிகிறாள். சாந்தி அழுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ வாங்கித் தந்த ரைட் ஆங்கிள் ஃபைண்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. என் முட்டி வலி உனக்குத் தெரியாததா? கெமராவைத் தரையோடு வைத்துப் படம் எடுக்க வேண்டுமென்றால் குப்புறப் படுப்பேன், எழும்ப முடியாமல் உன்னைக் கூப்பிடுவேன். “கெழவனைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சுடா” என்று திட்டிக்கொண்டே, யாரோ பாவித்த அந்தச் சின்னக் குழலை எங்கேயோ தேடிப் பிடித்து வந்தாய். கெமராவில் கண் வைக்கும் இடத்தில் மாட்டினால் அது வளைந்து மேலே பார்க்கும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால் போதும்.

“ஒண்ணு மட்டும் கவனம் மச்சான். இது மலிவு சாமான், உள்ள ஒத்தைக் கண்ணாடிதான். எடது வலதா தெரியும், வலது எடதா தெரியும்” என்றாய்.

“எனக்கே பாடமா? தெரியும், போடா” என்றேன்.

தெரியத்தான் செய்தது. இரண்டு வாரம் கேக்கையும் மோதிரத்தையும் மணவறைக் குத்துவிளக்கையும் அதில் எடுத்தேன். அசையாத சாமான்கள். ஆள் ஒருவரை நிறுத்தி அதில் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஹுன்னஸ்கிரிய மலையில், மறுநாள் ஒரு ஜோடியைக் கூட்டி வருவதற்கு முன் இடம் பார்க்கப் போயிருந்தோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மாப்பிள்ளைக்குப் பதிலாக நீ பாறையில் ஏறி நின்றாய். உனக்கு ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். கெமரா கீழே புல்லுக்குள் இருந்ததால் பள்ளத்தின் விளிம்பு எனக்குத் தெரியவில்லை.

நீ ஃபைண்டரில் ஓரமாகத் தெரிந்தாய். நடுவுக்கு வரச் சொல்லிக் கையைக் காட்டினேன். குழலுக்குள் நீ எதிர்ப்பக்கம் ஒரு எட்டு வைத்தாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அட மடையா, இந்தப் பக்கம்டா! கை தெரியலையா?” என்று கத்தினேன், கையை இன்னும் வேகமாக ஆட்டினேன். என் கையைப் பார்த்துச் சிரித்தபடி அடுத்த எட்டையும் வைத்தாய். ‘எப்படி நிக்கிறான்னு படத்துல அவனுக்கே அப்புறம் காட்டுறேன்’ என்று கறுவிக்கொண்டு பொத்தானை அமத்தினேன்.

பிறகு உன்னைக் காணோம்.

சொல்லவே வாய் கூசுகிறது, மச்சான். தலையைத் தூக்கவில்லை நான். படச் சட்டத்துக்கு வெளியே போய்விட்டாய் என்று நினைத்து, கெமராவைத் திருப்பித் திருப்பி அதற்குள்ளேயே உன்னைத் தேடினேன். எத்தனை நேரம் தேடினேனோ தெரியாது.

கையைப் பக்கம் மாற்றிக் காட்டுகிறேன் என்று உனக்குத் தெரிந்ததா? தெரிந்திருந்தால் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? இவன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான் என்று நம்பினாயா?

விசாரித்தவர்களிடம், “ஈரக் கல்லுங்க, வழுக்கிருச்சு” என்றேன். பொய் இல்லை. சாந்தியிடமும் அதையேதான் சொன்னேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் சரிதான் அவளுக்கு.

அன்றிலிருந்து கல்யாண மண்டபத்தில் யாரையும் கை காட்டித் தள்ளி நிற்கச் சொல்ல முடியவில்லை. கை பாதியில் நின்றுவிடுகிறது. நானே போய்த் தோளைப் பிடித்து நிறுத்துகிறேன். மாப்பிள்ளைமார் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

போன வாரம் நடந்ததைக் கேள். கண்டியில் நல்ல மழை, கடையில் ஆள் இல்லை. அந்த ஃபைண்டரை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் பார்க்கிறாய் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. சுவர்ப் பக்கத்திலிருந்து உன் சாம்பல் நிற மழை ஜேக்கட் உள்ளே வந்தது. கதவே இல்லாத பக்கம், மச்சான்! தலையைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர்.

“அண்ணே” என்று பின்னாலிருந்து குரல். சாந்தி. உன் ஜேக்கட்டைப் போட்டுக்கொண்டு வத்தேகமை வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். வாசல் வழியாகத்தான் வந்தாள். அந்தக் குழல்தான் பக்கத்தை மாற்றிக் காட்டியிருக்கிறது. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் மறுபடியும் ஏமாந்தேன்.

“வருஷத் திதி வருதுண்ணே. அவரோட கடைசிப் படத்தப் பெருசா போட்டுத் தாங்க.”

“வேற நல்ல படம் இருக்கே தங்கச்சி. கல்யாணப் படம் வைப்போம்.”

“ஐயே, அதுல மொறைச்சுக்கிட்டு நிக்கிறாரு. இதுலதான் வாயெல்லாம் பல்லு.” படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உன் முகத்தை விரலால் தடவினாள். பிறகு ஓரத்தைக் காட்டினாள். “இங்கன மங்கலா ஒரு கை தெரியுது பாருங்க. அந்தக் கையப் பாத்துத்தான் சிரிக்கிறாரு. யாரு கைண்ணே இது?”

“ஏதோ... இலை விழுந்திருக்கும்” என்றேன்.

“இலையா? அஞ்சு வெரலும் தெரியுதே. சரி, அத அழிச்சிட்டுப் போட்டுத் தாங்க.”

அவள் போன பிறகு கம்ப்யூட்டரில் அழித்தேன். ஒரு நிமிஷ வேலை. கை போய்விட்டது. நீ மட்டும் வெறும் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, நீயாகவே பள்ளத்துப் பக்கம் போகிறவன் மாதிரி நின்றாய். அதைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். உனக்குக் கிறுக்கா, நீயாகப் போக?

அழித்ததைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வத்தேகமைக்குப் போகிறேன். படத்தை அந்தக் கையோடுதான் போட்டிருக்கிறேன். அவள் சட்டத்தைச் சுவரில் மாட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன்: இது என் கை, நான்தான் அனுப்பினேன். அவள் அடித்தால் வாங்கிக்கொள்வேன். கதவைச் சாத்தினால் திரும்பி வந்துவிடுவேன். ஆனால் சொல்லாமல் வரமாட்டேன். உன் மகள் மேல் ஆணை, சொல்லாமல் வரமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் அவள் என்னை அண்ணே என்று கூப்பிட்டால்,
உன் மச்சான்
செல்வம்