அட்டையில் அம்மாவின் வயது

அக்டோபர் 17, வெள்ளி

மார்பகப் புற்றுநோய்க்கு இலவசமாகப் பரிசோதிக்கும் பஸ் இன்று துபாயில் நாங்கள் இருக்கும் அல் கூஸுக்கு வந்தது. அம்மாவை நான்தான் கெஞ்சி அழைத்துப் போனேன். அப்பாவும் கூடவே வந்தார்.

அடையாள அட்டையைப் பார்த்த தமிழ் நர்ஸ், "முப்பத்தேழுதானேக்கா ஆகுது? நாப்பது ஆனவங்களுக்குத்தான் டெஸ்ட் எடுப்போம்" என்றாள்.

அம்மாவுக்கு நாற்பத்துமூன்று. அப்பாவைவிட மூத்தவள் என்று தெரியாமலிருக்கக் கல்யாணத்தின்போது குறைத்துச் சொன்ன வயதுதான் பாஸ்போர்ட்டிலும் இருக்கிறது. அப்பாவுக்கு இன்றுவரை அது தெரியாது.

"என் பொண்டாட்டி இன்னும் சின்னப் பொண்ணு சிஸ்டர்!" என்று அவர் பெருமையாகச் சிரித்தார்.

அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. எப்போது திறந்திருக்கிறேன்?

"இன்னும் மூணு வருஷந்தானேடி, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறாள் இப்போது.

அம்மாவின் சொந்த அக்காவான பெரியம்மாவுக்கு இந்த நோய் வந்தது நாற்பத்துமூன்றில். நாற்பத்தைந்தில் பெரியம்மா இல்லை.