நீ வரைந்த கவுன்

செஞ்சி
12.3.1964

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விரிகிறது. உன் தையல் கடைக்காக நீ வரைந்து அனுப்பிய படத்தில் அந்தப் பெண் சுழல, கவுன் குடை மாதிரி எழும்பி நிற்கிறதே, நிஜத் துணியிலும் அப்படியேதான். வெள்ளை மல்லில் தைத்தேன். கொல்லையில் போட்டுக்கொண்டு ஒரே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன்.

மல்லாட்டை மண்டிக்குக் கடலை மூட்டை போடப் போன என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சீக்கிரமே திரும்பிவிட்டார்.

“இன்னாடி இது, யாருக்கு ஆடிக் காட்டுற?” என்றார். என் கத்தரிக்கோலை எடுத்துக் கவுனை வெட்டினார். நான் அதற்குள் இருந்தேன்.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்தார். இடக்கையால் சோறு போட்டேன். “சோத்துக் கைக்கு இன்னா வந்துச்சு?” என்று கேட்டு இன்னொரு அடி.

வெட்டிய துணியில் ஒரு துண்டை மடித்துக் குடிதண்ணீர் வடிகட்டினார். எந்த உயிரும் சாகக் கூடாது என்பதுதானே நம் சமண வழக்கம். துணியில் தங்கிய பூச்சியைக் கிணற்றிலேயே கொண்டு விட்டார். அவர் கை அவ்வளவு மெதுவாக அசைந்து நான் பார்த்ததேயில்லை.

கை கதவில் நசுங்கியது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறேன். உனக்கும் அப்படியே எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத்துக் கோணலைப் பார்த்தால் உனக்கே தெரிந்துவிடும்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் மெட்ராஸ் வருகிறேன். படம் என் ஜாக்கெட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. மறுபடி தைப்போம். அளவெடுக்கும்போது மட்டும் வலது கையைத் தூக்கச் சொல்லாதே.

உன் அக்கா